தவறணை மூடிய பின்னர்: யாழ்ப்பாணத்து மதுவிலக்கு வரலாறு குறித்து ஒரு நோக்கு

இலங்கையின் மதுவிலக்கு இயக்கம் பற்றி எழுதப்பட்டவற்றுட் பெரும்பகுதி தென்னிலங்கையைச் சார்ந்தது. 1904இலும் 1912இலும் எழுந்த கிளர்ச்சிகள், சேனநாயக்க சகோதரர் அவற்றில் வகித்த பங்கு, 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது அவர்கள் சிறையிடப்பட்டமை ஆகியன தேசிய இயக்கத்தின் தோற்றுவாய்களுள் வைத்து எண்ணப்படுவது வழக்கம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கதை வேறு. இங்கே கடையை மூடுவதிற் சமூகம் பெரிதும் வெற்றி கண்டது. குடியை விட்டவன் விட்டபடியே ஆண்டுக்கணக்கில் நிலைத்து நிற்பதற்கு வேண்டுவன யாவை என்ற வினாவோ நெடுங்காலம் கேட்கப்படாமலே கிடந்தது.

குடாநாட்டில் மதுவின் பிரச்சினை பனையின் பிரச்சினையுமாகும். பாளையைச் சீவ வடியும் சாற்றை ஏந்தும் முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசப்பட்டிருப்பின் கிடைப்பது கருப்பநீர். அதனைக் காய்ச்சினாற் பனங்கட்டி. பூசாவிடின் அதே சாறு சில மணி நேரத்திற் புளித்துக் கள்ளாகிவிடும். மரமும் ஒன்று, உழைப்பும் ஒன்று. இரண்டுக்கும் இடையில் நிற்பது சுண்ணாம்புப் பூச்சு மாத்திரமே. சாராயத்தைப் போல எங்கிருந்தோ வண்டியேறி வருவதன்று கள். பருவகாலத்தில் வேலிக்கு அப்பால் நிற்கும் மரத்திலிருந்தே அது நாள்தோறும் இறங்குகின்றது. குடியை விட முயன்றவன் தவறணை இருந்த வழியைத் தவிர்த்து நடக்கலாம்; பனையைத் தவிர்த்து நடக்க அவனுக்கு வழியில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதுவுக்கெதிரான குரல் இரு திசைகளிலிருந்து ஒலித்தது. 1816இல் வந்து தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை முதலிய இடங்களில் நிலையங்களை அமைத்த அமெரிக்க மிஷனரிமாரின் தலைமைச் சபை பொஸ்ரன் நகரைச் சார்ந்தது. 1826இல் அமெரிக்க மதுவிலக்குச் சங்கம் தோன்றியதும் அந்நகரிலேயே. மறுபுறத்தில் ஆறுமுக நாவலர் தமது நான்காம் பாலபாடத்திற் கொலை, புலாலுண்ணல், களவு ஆகியவற்றுடன் கள்ளுண்ணலையும் வைத்துக் கண்டித்தார். சமயத்தால் எதிரிகளாய் நின்ற இருசாராரும் ஒன்றுபட்ட அரிதான இடங்களுள் இதுவும் ஒன்று. ஆயின், பாடப்புத்தகத்தின் சொல் இன்னும் குடியாத மாணவனை நோக்கியது. ஏற்கெனவே குடிக்கு ஆட்பட்ட அவனுடைய தகப்பனுக்குப் பாவி என்ற பெயரை அது சூட்டியதேயன்றி, மீளும் வழியை வகுத்துக் கூறவில்லை.

1912ஆம் ஆண்டின் மதுவரிச் சீர்திருத்தம் கள்ளுக்கெனத் தனித் தவறணைகளை ஏற்படுத்தியபோது நாடெங்கும் எதிர்ப்பு மூண்டது. ஓர் ஊரின் தவறணையை வைத்திருப்பதா மூடுவதா என்பதை அவ்வூர் வாக்காளரே தீர்மானிக்கும் முறை பின்னர் வந்தது. குடாநாட்டில் அது ஊக்கத்துடன் கையாளப்பட்டது. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் அழைப்பையேற்று 1927 நவம்பரில் காந்தியடிகள் இங்கு வந்தபோது அவருடைய பேச்சுகளில் மதுவிலக்கும் இடம்பெற்றது. தவறணைகள் அகன்றன. ஆனால் மரவரி முறை நடைமுறைக்கு வந்தது. வரி செலுத்தப்பட்ட மரத்திலிருந்து கள் இறக்கலாம் என்றாயிற்று. தவறணையில் விற்ற கள் மரத்தடியிற் பிளாவில் வார்க்கப்பட்டது. இதனைத் தோல்வியென்று மாத்திரம் கொள்ளுதல் நேர்மையாகாது. சீவல் தொழிலாளர் சாதியமைப்பிற் கீழ்நிலைக்குத் தள்ளப்பட்ட மக்கள்; மேடையில் மதுவிலக்குப் பேசியோரிற் பலர் பனங்காணிக்கு உடையோர். மரத்தின் வருவாய் ஒருவருக்கும், தொழிலின் இழிபெயர் மற்றவருக்குமாகப் பங்கிடப்பட்டிருந்த நிலையில், மதுவொழிப்பின் சுமை யார் தோளில் விழுந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1972இற் சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றி மரவரி முறை நீங்கியது. அத்துடன் தவறணையும் மீண்டது. இம்முறை அது தொழிலாளரின் கையில் இருந்தது என்பதே வேறுபாடு.

குடியை விட்டவனின் வரலாறு இவ்வாவணங்களுக்கு வெளியே நிகழ்ந்தது. நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் மதுவையும் மச்சத்தையும் நீக்குவோர் பலர். இவ்விரதம் ஓர் உண்மையைப் புலப்படுத்துகின்றது: கூட்டமாக நிறுத்துவது தனியே நிறுத்துவதினும் எளிது. கொடியிறங்கிய மறுநாள் அக்கூட்டம் கலைந்துவிடுகின்றது. நெடுநாட் குடித்தவர் திடீரென நிறுத்துங்கால் நடுக்கமும் வலிப்பும் நேரலாம் என்பதும், அதற்கு வைத்தியரின் மேற்பார்வை வேண்டும் என்பதும் விரத மரபில் இடம்பெறாதவை.

அமெரிக்காவும் இதனைத் தாமதமாகவே கற்றது. 1840இற் பால்ரிமோர் நகரிற் குடிகாரர் சிலர் கூடித் தொடங்கிய வாஷிங்ரன் சங்கம் இலட்சக்கணக்கானோரிடம் உறுதிமொழி பெற்றது. சில ஆண்டுகளிற் சிதைந்தது. 1935இல் அக்ரன் நகரிற் பிறந்த பெயரறியாக் குடிநோயாளர் சங்கம் வாழ்நாள் உறுதிமொழியைக் கேட்கவில்லை. இன்று ஒரு நாள் குடியாதிருத்தல், மறுநாளும் கூடிப் பேசுதல் என்பதே அதன் முறை. தமிழ்நாட்டிற் குடிநோய்ச் சிகிச்சைக்கெனச் சாந்தி ரங்கநாதன் சென்னையில் நிறுவனம் தொடங்கியது 1980இல்.

அதே பத்தாண்டில் யாழ்ப்பாணம் போருள் அமிழ்ந்தது. போரின் உளத்தாக்கங்களை ஆராய்ந்த உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், மதுப்பழக்கத்தைச் சமூகம் பட்ட காயத்தின் வெளிப்பாடுகளுள் ஒன்றாகவே நோக்கினார். பாவம் என்றிருந்த சொல் நோய் என்றாகியது சிறு மாற்றமன்று. எனினும் 2006ஆம் ஆண்டின் புகையிலை, மதுசாரம் பற்றிய தேசிய அதிகாரசபைச் சட்டமும், இருபத்தொரு வயதுக்குட்பட்டோருக்கு விற்பதைத் தடுத்ததுபோலப் பெரும்பாலும் விற்பவனையே நோக்கியது. கூடிப் பேசும் முறைக்கோ இங்கு வேறொரு தடையுண்டு. தன் குடியைப் பிறர் முன் ஒப்புக்கொள்பவன் தன்னை மாத்திரம் வெளிப்படுத்துவதில்லை; மணம் பேசக் காத்திருக்கும் தங்கையின் வீட்டையும் சேர்த்தே வெளிப்படுத்துகின்றான். ஆகவே பல வீடுகளில் அக்கூட்டத்தின் இடத்தை மனைவியும் தாயுமே நிரப்பினர். கூலிப்பணத்தை வாங்கி வைத்தவர்களும், மாலையில் படலையைப் பார்த்திருந்தவர்களும் அவர்களே.