ஓய்வுநாள் (தமிழ்க் கிறித்தவம்)

ஓய்வுநாள் என்பது கிறித்தவர்கள் வாரத்தில் ஒரு நாளை வேலையினின்று விலக்கி, கூட்டு வழிபாட்டிற்கும் மறைநூல் தியானத்திற்கும் ஒருவரையொருவர் ஊக்கப்படுத்துவதற்கும் ஒதுக்கும் வழக்கம் ஆகும். பெரும்பாலான சபைகள் ஞாயிற்றுக்கிழமையையும், ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை உள்ளிட்ட சில சபைகள் சனிக்கிழமையையும் இந்நாளாகக் கொள்கின்றன. தமிழ்க் கிறித்தவ வரலாற்றில் இந்நாள் வழிபாடு சார்ந்ததாக மட்டும் இருக்கவில்லை. உழைப்பவருக்கு ஓய்வு கிடைக்குமா, ஓய்வின் நாளை யார் தீர்மானிப்பது என்னும் கேள்விகளோடும் அது பிணைந்திருந்தது.

சொற்பொருள்

எபிரேய மொழியில் இந்நாள் 'சப்பாத்' எனப்படுகிறது. நிறுத்துதல், ஓய்தல் என்பது இதன் வேர்ப்பொருள். யூதர்கள் வெள்ளிக்கிழமை மாலை முதல் சனிக்கிழமை மாலை வரை இதனைக் கடைப்பிடிக்கின்றனர். தமிழ்ச் சீர்திருத்தச் சபையினர் ஞாயிற்றுக்கிழமையையே ஓய்வுநாள் என அழைப்பதுண்டு. அன்று சிறுவர்களுக்கு நடத்தப்படும் வகுப்பு 'ஓய்வுநாள் பாடசாலை' எனப்படுகிறது. கத்தோலிக்கரிடையே 'ஆண்டவரின் நாள்' என்னும் வழக்கும் உண்டு.

விவிலியப் பின்னணி

ஓய்வுநாள் கட்டளை விவிலியத்தில் இரண்டு இடங்களில், வெவ்வேறு காரணங்களோடு வருகிறது. யாத்திராகமம் 20ஆம் அதிகாரம், கடவுள் ஆறு நாள் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்ததைக் காரணமாகக் கூறுகிறது. உபாகமம் 5ஆம் அதிகாரமோ, இசுரயேலர் எகிப்தில் அடிமைகளாயிருந்து விடுவிக்கப்பட்டதை நினைவூட்டுகிறது. இரு இடங்களிலும் வீட்டுத் தலைவருக்கு மட்டுமன்றி வேலைக்காரர், வேலைக்காரி, அந்நியர், கால்நடை ஆகிய அனைவருக்கும் ஓய்வு உரியதாக்கப்பட்டுள்ளது.

ஓய்வுநாள் மனிதருக்காக உண்டாக்கப்பட்டதே அன்றி மனிதர் அதற்காக உண்டாக்கப்படவில்லை என இயேசு கற்பித்ததாக மாற்கு நற்செய்தி 2ஆம் அதிகாரம் கூறுகிறது. சபை கூடிவருவதை விட்டுவிடாமல் ஒருவருக்கொருவர் ஊக்கமளிக்க வேண்டும் என எபிரெயர் நிருபம் 10ஆம் அதிகாரம் வலியுறுத்துகிறது.

சனியிலிருந்து ஞாயிறுக்கு

இயேசு உயிர்த்தெழுந்ததாக நம்பப்படும் வாரத்தின் முதல் நாளில் கூடும் வழக்கம் தொடக்கத் திருச்சபையிலேயே தோன்றியது. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த புனித யுஸ்தினார் ஞாயிறு வழிபாட்டை விவரித்துள்ளார். மறைநூல் வாசிப்பு, தலைவரின் அறிவுரை, மன்றாட்டு, அப்பம் பகிர்தல், ஏழைகளுக்கான காணிக்கை ஆகியன அதில் இடம்பெற்றன. 321ஆம் ஆண்டில் உரோமைப் பேரரசர் கான்சுடன்டைன் ஞாயிறை ஓய்வுநாளாக அறிவித்தார். எனினும் உழவுத் தொழிலுக்கு அதிலிருந்து விலக்கு அளித்தார்.

தமிழகத்தில்

சீர்திருத்தச் சபையின் தமிழ் வழிபாடு தரங்கம்பாடியில் வேரூன்றியது. 1706இல் அங்கு வந்த சீகன்பால்கு 1707இல் எருசலேம் ஆலயத்தை நிறுவினார்.

அன்று திருவிதாங்கூர் அரசிலிருந்த, இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதியில் 'ஊழியம்' எனும் கூலியற்ற கட்டாய வேலை ஒடுக்கப்பட்ட சாதியினர் மீது சுமத்தப்பட்டிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கிறித்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் இவ்வேலையினின்று அரசு விலக்கு அளித்தது. வாரத்தில் ஒரு நாளாவது அதிகாரிகளின் ஏவலுக்கு உட்படாதிருக்கும் உரிமை அம்மக்களுக்குக் கிடைத்தது என்பதால் இவ்விலக்கு முக்கியத்துவம் பெறுகிறது.

நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில் ஓய்வுநாள் வேறொரு பொருள் பெற்றது. அங்கு சட்டாம்பிள்ளை எனப்பட்ட அருமைநாயகம், ஐரோப்பிய மறைப்பணியாளரோடு முரண்பட்டு 1857இல் தனிச்சபை கண்டார். இந்துக் கிறித்தவ சபை, ஏக இரட்சகர் சபை ஆகிய பெயர்களால் அறியப்படும் இச்சபை ஐரோப்பியரின் கட்டுப்பாட்டை ஏற்கவில்லை. ஐரோப்பியர் கொண்டுவந்த பழக்கங்களை விலக்கி, விவிலியத்தில் நேரடியாகக் காணப்படுவனவற்றைக் கைக்கொள்ள முனைந்தது. அவ்வகையில் சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஏற்று, வழிபாட்டில் தூபம் பயன்படுத்தியது. அயலாரின் அதிகாரமின்றித் தாங்களே மறைநூலைப் படித்து முடிவெடுக்க இயலும் என்பதற்கு ஓய்வுநாள் இவர்களுக்கு ஓர் அடையாளமாயிற்று. அமெரிக்காவிலிருந்து வந்த அட்வென்டிஸ்ட் பணியாளர்கள், சனிக்கிழமையைக் கடைப்பிடிக்கும் தமிழர் ஏற்கெனவே இருப்பதை அறிந்து இப்பகுதிக்கு வந்தனர். அவர்களுள் ஜே. எஸ். ஜேம்ஸ் 1908இல் இங்குப் பணியைத் தொடங்கினார்.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் கத்தோலிக்கர் புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். தேனிய மிஷன் பணியிலிருந்து உருவான ஆற்காடு லுத்தரன் திருச்சபையும் இப்பகுதியில் உள்ளது. திண்டிவனம் அமெரிக்க ஆற்காடு மிஷனின் நிலையங்களுள் ஒன்றாயிருந்தது. அம்மிஷன் வழிவந்த சபைகள் 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தன. இத்தகைய வேளாண் பகுதிகளில் நடவும் அறுவடையும் கிழமை பார்ப்பதில்லை. எனவே கூலி வேலை செய்வோர் மிகுந்த சிற்றூர்களில் மாலை வழிபாடு ஏற்ற நேரமாகிறது. ஒரு போதகரின் பொறுப்பில் பல ஊர்கள் இருக்குமிடத்து, உபதேசியாரோ சபை மூப்பரோ வழிபாட்டை நடத்துவதுண்டு.

இலங்கையில்

இலங்கையில் 1966இல் ஞாயிறு விடுமுறை நீக்கப்பட்டு, பௌத்த போயா நாட்களும் அவற்றிற்கு முந்திய நாட்களும் வார விடுமுறையாக்கப்பட்டன. இதனால் தமிழரும் சிங்களவருமான கிறித்தவர்கள் பல ஞாயிறுகளில் வேலைக்கு முன்போ பின்போ வழிபட வேண்டியதாயிற்று. 1971இல் ஞாயிறு விடுமுறை மீண்டும் நடைமுறைக்கு வந்தது.

தொழிலாளர் விடுமுறை

இந்தியாவில் ஞாயிறு விடுமுறை சமயக் கோரிக்கையாக மட்டும் வரவில்லை. மும்பை ஆலைத் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகாண்டே நடத்திய போராட்டத்தின் பயனாக 1890இல் அங்கு ஞாயிறு விடுமுறை கிடைத்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 52ஆம் பிரிவில் வார விடுமுறையை உறுதிசெய்தது.

வழிபாடும் தியானமும்

ஞாயிறு ஆராதனையில் பாவ அறிக்கை, பாடல்கள், விவிலிய வாசகங்கள், அருளுரை, மன்றாட்டு, காணிக்கை ஆகியன பொதுவாக இடம்பெறுகின்றன. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) முதலானோர் இயற்றிய கீர்த்தனைகள் சீர்திருத்தச் சபைகளில் இன்றும் பாடப்படுகின்றன. கத்தோலிக்கருக்கு ஞாயிறு திருப்பலியில் பங்கேற்பது கடமையாகும். சனிக்கிழமை மாலைத் திருப்பலியும் இக்கடமையை நிறைவேற்றும். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1998இல் 'ஆண்டவரின் நாள்' எனும் திருத்தூது மடலை வெளியிட்டார். ஞாயிறு வெறும் வார இறுதியாகச் சுருங்கிவிடக்கூடாது என்பது அதன் கருத்துகளுள் ஒன்றாகும்.

ஆலயத்திற்கு வெளியே குடும்ப செபம், தனிப்பட்ட விவிலிய வாசிப்பு, நோயாளிகளையும் முதியோரையும் சந்தித்தல், துயருற்ற வீடுகளில் செபித்தல் ஆகியனவும் இந்நாளின் பகுதிகளாகக் கருதப்படுகின்றன. 2020இல் கொரோனா பெருந்தொற்றால் ஆலயங்கள் மூடப்பட்டபோது, பல சபைகள் இணையவழியாகவும் தொலைபேசி வழியாகவும் வழிபாட்டையும் செபத்தையும் தொடர்ந்தன.

இவற்றையும் பார்க்க

பத்துக் கட்டளைகள்
ஞாயிற்றுக்கிழமை
ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை
தென்னிந்தியத் திருச்சபை
வேதநாயகம் சாஸ்திரியார்