நரம்புச் செல்களும் ஆக்சிஜனேற்ற அழுத்தமும்

ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்றால் என்ன?

உடலின் செல்கள் ஆக்சிஜனைக் கொண்டு உணவிலிருந்து ஆற்றலைப் பெறும்போது, ‘ஃப்ரீ ராடிக்கல்’ எனப்படும் நிலையற்ற மூலக்கூறுகளும் உண்டாகின்றன. உடலிலுள்ள நொதிகள் இவற்றைச் செயலிழக்கச் செய்கின்றன. இத்தற்காப்பை மீறி அவை பெருகினால் செல்லின் படலம், புரதம், டி.என்.ஏ. ஆகியவை சேதமடையும். இந்நிலையே ஆக்சிஜனேற்ற அழுத்தம் ஆகும்.

நரம்பு மண்டலம் ஏன் எளிதில் பாதிக்கப்படுகிறது?

மூளையின் எடை உடல் எடையில் சுமார் 2 விழுக்காடே. எனினும், ஓய்வு நிலையில் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் சுமார் 20 விழுக்காட்டை அது எடுத்துக்கொள்கிறது. நரம்புச் செல்களின் படலத்தில் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் கொழுப்பும் மிகுதி. மேலும், அழிந்த நரம்புச் செல்களுக்கு ஈடாகப் புதியவை தோன்றுவது அரிது.

மாத்திரைகள் பாதுகாப்பு அளிக்குமா?

‘ஆன்டிஆக்சிடன்ட்’ மாத்திரைகள் நரம்புகளைக் காக்கும் என்னும் எதிர்பார்ப்பு ஆய்வுகளில் உறுதிப்படவில்லை. பார்க்கின்சன் நோயின் தொடக்க நிலையிலிருந்த 800 பேரிடம் வட அமெரிக்காவில் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 1993இல் வெளியாயின. நாள்தோறும் 2,000 அலகு வைட்டமின் ஈ உட்கொண்டும் நோயின் வளர்ச்சி தாமதமாகவில்லை. வைட்டமின் பி6 மாத்திரைகளை அதிக அளவில் நெடுநாள் உட்கொண்டால் நரம்புகளே பாதிக்கப்படலாம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• நீரிழிவு இருப்பின் இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வையுங்கள். மிகுதியான சர்க்கரை நரம்புகளில் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைக் கூட்டுகிறது. பாதங்களை நாள்தோறும் கவனியுங்கள்.
• இரத்த அழுத்தத்தைத் தவறாமல் பரிசோதியுங்கள்.
• புகையிலையையும் மதுவையும் தவிருங்கள்.
• வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடம் விரைவாக நடங்கள்.
• கீரை, காய்கறி, பழம், பயறு வகைகளை அன்றாட உணவில் சேருங்கள்.
• சைவ உணவு உண்போரும், மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் உட்கொள்வோரும் வைட்டமின் பி12 பரிசோதனை குறித்து மருத்துவரிடம் கேளுங்கள்.

மருத்துவரை எப்போது அணுக வேண்டும்?

பாதங்களில் மதமதப்பு, எரிச்சல், கை நடுக்கம், அதிகரிக்கும் மறதி ஆகியவை தோன்றினால் தாமதமின்றி மருத்துவரை அணுகுங்கள். திடீரென முகம் கோணுதல், ஒரு பக்கக் கை கால் தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவை பக்கவாதத்தின் அறிகுறிகள். உடனே 108 எண்ணை அழையுங்கள்.

மருத்துவர் பரிந்துரைத்த மருந்துகளை நிறுத்திவிட்டு, அவற்றிற்கு மாற்றாக ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரைகளை உட்கொள்ளாதீர்கள்.