பல்லவியும் பள்ளும்: டி. கே. பட்டம்மாளின் இசைவாழ்வு

கவிஞன் எழுதிவைத்த சொல் ஏட்டில் உறங்குகிறது. தேர்ந்த பாடகரின் குரலில் விழித்தெழுகிறது. அங்ஙனம் பாரதியின் சொல்லை விழித்தெழச் செய்த குரல்களுள் தலையாயது தாமல் கிருஷ்ணசுவாமி பட்டம்மாளின் குரல். அக்குரல் அரங்கிற்கு வந்த வழி எளிதானதன்று.

பட்டம்மாள் 1919ஆம் ஆண்டு காஞ்சிபுரத்தில் பிறந்தார். இயற்பெயர் அலமேலு. அன்னை காந்திமதி இசையறிந்தவர். எனினும் உறவினர் கூடிய இடத்திற்கூட அவர் பாடுதற்குக் குடும்ப ஆசாரம் இடந்தரவில்லை. பெண்கள் பாடாத நகரமன்று காஞ்சி. தனகோடி அம்மாள் சகோதரிகள் பாடிப் புகழ்பெற்ற ஊர் அது. வீணை தனம்மாள் முதலாய இசைமரபுக் குடும்பத்துப் பெண்கள் கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தனர். ஆகவே பட்டம்மாளை மேடையேறிய முதற்பெண் என்பது பொருந்தாது. அந்தணர் இல்லத்துப் பெண்ணுக்கு மூடியிருந்த கதவைத் திறந்தவர்களுள் முன்னவர் என்பதே பொருந்தும்.

பள்ளித் தலைமை ஆசிரியை அம்முக்குட்டி அம்மாள் அளித்த ஊக்கம் அவருக்குத் துணைநின்றது. பத்து வயதளவிலேயே சென்னை மாநகராட்சி வானொலியில் பாடினார். 1932இல் சென்னை இரசிக ரஞ்சனி சபையில் அவருடைய கச்சேரி நிகழ்ந்தது. சுப்பராம தீட்சிதரின் மைந்தர் அம்பி தீட்சிதரிடமும், டி. எல். வெங்கடராம ஐயரிடமும் முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகளைப் பாடம் கேட்டார். பாபநாசம் சிவனிடம் அவர்தம் பாடல்களைக் கற்றார்.

அக்காலக் கச்சேரியில் இராகம், தானம், பல்லவி என்னும் பகுதி ஆடவர்க்கே உரியதெனக் கருதப்பட்டது. பல்லவி என்பது ஒரே ஒரு வரி. அதனைத் தாளத்தில் நிறுத்தி, தாளம் மாறாதிருக்க வரியின் வேகத்தை இரட்டித்தும் குறைத்தும் பாடி, தொடங்கிய இடத்திலேயே வந்து சேர்தல் வேண்டும். கணக்கும் கற்பனையும் ஒருங்கே வேண்டும் இத்துறையில் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை பெரும் புலமையாளர். அவர் தனகோடி அம்மாளின் தங்கை மகனும் ஆவார். அவருடைய கச்சேரிகளைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த பட்டம்மாள், கடினமான பல்லவிகளை மேடையில் பாடிக் காட்டினார். 'பல்லவி பட்டம்மாள்' என்று உலகம் அவரை அழைத்தது. பெண்ணால் இயலாது என்ற கூற்றுக்கு அவர் சொல்லால் விடைதரவில்லை, பாடியே விடைதந்தார்.

திரைப்படத்தில் பாட வந்த அழைப்புகளுள் பக்திப் பாடல்களையும் நாட்டுப்பற்றுப் பாடல்களையும் மட்டுமே ஏற்றார். 1939இல் வெளிவந்த 'தியாகபூமி'யில் நாட்டுப்பணிக்கு அழைக்கும் பாடலைப் பாடினார். அப்படத்தை ஆங்கில அரசு பின்னர்த் தடைசெய்தது. 1947ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வந்த 'நாம் இருவர்' படத்தில் பாரதியின் 'சுதந்திரப் பள்ளு' அவர் குரலில் ஒலித்தது. கமலா அதற்கு ஆடினார். அவ்வாண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் வானொலியிலும் பட்டம்மாள் பாடினார். வராத விடுதலையை வந்ததாகவே பாடிவிட்டு 1921இல் மறைந்த கவிஞனின் கனவு, அன்று செய்தியாயிற்று.

இங்குக் கவிஞர்கள் எண்ணிப் பார்க்கத்தக்க உண்மை ஒன்றுண்டு. பள்ளு என்பது உழவுத் தொழிலாளரின் வாழ்வைப் பாடும் சிற்றிலக்கியம். பாரதி தம் பாடலைப் பள்ளர் களியாட்டமாகவே அமைத்தார். சாதியின் பெயரால் ஊர்க்கதவுகள் அடைக்கப்பட்ட மக்களின் மகிழ்ச்சியை, ஆசாரத்தின் பெயரால் அன்னையின் குரல் அடைக்கப்பட்ட வீட்டில் பிறந்த பெண் பாடினார். இரு தடைகளும் ஒன்றல்ல. அவற்றின் கொடுமையும் ஒத்ததன்று. ஆயினும் அப்பாடல் அவரை நாடியது பொருத்தமே. சொல் சிதையாமல், பொருள் மறையாமல், அழுத்தந்திருத்தமாக உச்சரிப்பது அவர்தம் பாணியின் தனிச்சிறப்பு. பல்லவியில் ஒரு வரியை எத்தனை முறை மடக்கினாலும் சிதையாது காத்த பயிற்சியே, பள்ளின் சொல்லையும் கேட்டவர் நெஞ்சில் சிதையாது சேர்த்தது எனலாம்.

1970இல் சங்கீத கலாநிதி, 1971இல் பத்மபூஷண், 1998இல் பத்மவிபூஷண் என விருதுகள் அவரை வந்தடைந்தன. அவரிடம் பயின்ற தம்பி டி. கே. ஜெயராமனும் 1990இல் சங்கீத கலாநிதி ஆனார். 2009ஆம் ஆண்டு ஜூலை 16இல் பட்டம்மாள் சென்னையில் மறைந்தார். வீட்டுக்குள்ளேயே அடங்கிப்போன காந்திமதியின் பாட்டை வரலாறு கேட்கவில்லை. மகளின் பாட்டு ஒலித்தட்டுகளில் இன்றும் ஒலிக்கிறது. அதைக் கேட்கும்போதெல்லாம், கேட்கப்படாமற்போன குரல்கள் எத்தனை என்ற வினாவும் உடன் எழுதல் வேண்டும்.