புறவழிச்சாலை யாருடைய புறத்தில் போகிறது?

வரைபடத்தில் சோழவந்தானைப் பாருங்கள். வடக்கே வாடிப்பட்டியை ஒட்டித் திண்டுக்கல்–மதுரை நான்குவழிச் சாலை, அதாவது தேசிய நெடுஞ்சாலை 44. தெற்கே செக்கானூரணி வழியாகத் தேனி சாலை. இரண்டுக்கும் நடுவில் வைகை, ரயில் பாதை, பெரியாறு பாசனத்தில் விளையும் நெல்வயல்கள், தென்னந்தோப்புகள், 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற வெற்றிலையின் கொடிக்கால்கள். இப்படி அமைந்த ஊரில், கனரக வண்டிகள் ஊருக்குள் வராமல் சுற்றிப் போக ஒரு சாலையும் நெடுஞ்சாலைக்கு நல்ல இணைப்பும் வேண்டும் என்று கேட்பது நியாயம்தான். ஆம்புலன்ஸும் கல்லூரிப் பேருந்தும் நமக்கும் வேண்டும். நாம் சாலைக்கு எதிரிகள் அல்ல.

நம் கேள்வி வேறு. ஊரைத் தொடாமல் போகும் சாலை எதைத் தொட்டுக்கொண்டு போகும்?

தமிழ்நாட்டுக் கிராமம் ஊர், சேரி என இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. ஊருக்கு வெளியே சேரி. அதற்கும் அப்பால் சுடுகாடு, மேய்ச்சல் நிலம், ஓடைப் புறம்போக்கு. ஊரை விலக்கிக் கோடு போட்டால் அந்தக் கோடு பெரும்பாலும் இந்தப் பக்கம்தான் வந்து விழும். அதற்குப் பொறியாளர் சாதி பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. மாடி வீடுகள் குறைந்த இடம், விலை மலிந்த நிலம், அரசுப் புறம்போக்கு என்று செலவுக் கணக்கை மட்டும் பார்த்தாலே போதும். சாதி முன்பே வரைந்து வைத்த படத்தின் மேல்தான் சாலையின் கோடு விழுகிறது.

முதலில் நடக்கும் உரிமை

சாலைக்கும் நமக்குமான உறவு இழப்பீட்டில் தொடங்கவில்லை, நடப்பதில் தொடங்கியது. 1924 மார்ச்சில் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் தொடங்கியது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் சென்னை சட்ட மேலவையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் எதையும் எந்தச் சாதியினரும் பயன்படுத்தத் தடையில்லை என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது, செப்டம்பரில் அரசாணையும் வந்தது.

அரசாணை வந்தும் பாதை திறக்கவில்லை. நம் மதுரை மாவட்டத்திலேயே உத்தபுரத்தில் 1989-ல் எழுந்த சுவர், தலித் மக்களின் வழியை ஏறத்தாழ 20 ஆண்டுகள் மறித்து நின்றது. 2008 மே மாதம் நிர்வாகம் அதில் ஒரு பகுதியை இடித்தது. பொதுப் பணத்தில் போட்ட பாதை எல்லோருக்குமான பாதையாகத் தானாக மாறிவிடாது என்பதற்கு இந்த வரலாறே சாட்சி.

மதுரையைச் சுற்றிய கோடுகள்

மதுரைக்கு முதலில் வந்தது உத்தங்குடி–கப்பலூர் சுற்றுச்சாலை, சுமார் 27 கி.மீ. கடன் வாங்கிச் சாலை போட்ட மாநகராட்சி, அந்தக் கடனை அடைக்க 2001-ல் 30 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரம் வெளியிட்டது, சுங்கமும் வசூலித்தது. அடுத்தது வாடிப்பட்டி–தாமரைப்பட்டி நான்குவழிச் சாலை. பாரத்மாலா திட்டத்தில் வகுக்கப்பட்ட இது சுமார் 30 கி.மீ. நீளம் கொண்டது, திண்டுக்கல் சாலையையும் திருச்சி சாலையையும் நகருக்கு வடக்கே இணைப்பது. சோழவந்தான் வட்டாரத்துக்கு மிக அருகில் வரும் புதிய வழித்தடம் இதுதான்.

இந்த மாதிரித் திட்டங்களில் பத்திரம் வாங்கியவருக்கு வட்டி, பட்டாதாரருக்கு இழப்பீடு, சாலையோரத்தில் நிலம் மிஞ்சியவருக்கு மனை விலை. அந்த வயலில் நாற்று நட்டவருக்கும் களை எடுத்தவருக்கும் கணக்கில் இடம் எங்கே?

இது நம் நாட்டுக் கதை மட்டுமல்ல. அமெரிக்காவில் 1956-ல் நெடுஞ்சாலைச் சட்டம் வந்த பிறகு, செயின்ட் பால் நகரில் கறுப்பின மக்கள் வாழ்ந்த ரொண்டோ பகுதியைப் பிளந்துகொண்டு விரைவுச்சாலை போனது. அந்த நகரின் மேயர் அதற்காக மன்னிப்புக் கேட்டது 2015-ல். வலிமையற்றவர்களின் இடம் வழியாகச் சாலை போடுவது எங்கும் 'மலிவு'தான்.

சட்டம் யாரை எண்ணுகிறது?

தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் எடுப்பது 1956-ம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைகள் சட்டப்படி. 3ஏ அறிவிக்கை வந்த 21 நாட்களுக்குள் ஆட்சேபணை தர வேண்டும். அதைத் தரும் உரிமை நிலத்தில் நலன் உள்ளவருக்கே. கூலித் தொழிலாளியின் பெயர் எந்தச் சர்வே எண்ணிலும் இல்லை. தலைமுறையாக நடந்த வண்டிப்பாதைக்கும் பல இடங்களில் பதிவு இல்லை.

2013-ம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டம் இந்தக் குறையை ஓரளவு உணர்ந்த சட்டம். நிலமே இல்லாவிட்டாலும், எடுக்கும் பகுதியில் மூன்று ஆண்டுகளாக வேலை செய்து அதையே முதன்மை வாழ்வாதாரமாகக் கொண்ட விவசாயக் கூலிக் குடும்பமும், குத்தகைக் குடும்பமும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்கிறது. அதன் இரண்டாம் அட்டவணை, நிலம் இழக்கும் பட்டியல் சாதியினருக்கு இழந்த அளவு நிலம் அல்லது இரண்டரை ஏக்கர், இதில் எது குறைவோ அதைத் தரச் சொல்கிறது.

ஆனால் நெடுஞ்சாலைச் சட்டத்தை அதே 2013 சட்டம் விதிவிலக்குப் பட்டியலில் வைத்தது. 2015 ஆகஸ்ட்டில் மத்திய அரசு போட்ட உத்தரவால் இழப்பீடும் மறுவாழ்வும் நெடுஞ்சாலைகளுக்கும் நீட்டிக்கப்பட்டன. சமூகத் தாக்க மதிப்பீடு வரவில்லை. இருபோகப் பாசன நிலத்துக்கான பாதுகாப்பும் சாலை, ரயில், கால்வாய் போன்ற நீள்வடிவத் திட்டங்களுக்குப் பொருந்தாது. சோழவந்தான் போன்ற நெல் வட்டாரத்தில் இதன் பொருளை யோசியுங்கள். யார் யாருக்கு என்ன இழப்பு என்று கேட்டுப் பதிவு செய்யும் கட்டமே திட்டத்தில் இல்லை. பணம் கொடுக்கும் கட்டம் மட்டும் இருக்கிறது. கேட்காத இடத்தில் கூலிக்காரரின் பெயர் எப்படி வரும்?

பாலத்துக்குக் கீழே

2019 ஆகஸ்ட்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், சுடுகாட்டுக்குப் போகும் வழி மறுக்கப்பட்டதால், தலித் மக்கள் இறந்தவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. மேலே எல்லோரும் போகும் பாலம். கீழே போக ஒரு வழி இல்லை.

உயர்த்திக் கட்டும் நான்குவழிச் சாலை ஒரு மண் சுவரைப் போலத்தான். சுரங்கப்பாதை எந்த இடத்தில், அணுகுசாலை எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்து, அது சேரியைப் பள்ளிக்கூடத்திலிருந்தும் வயலிலிருந்தும் சுடுகாட்டிலிருந்தும் பிரிக்கும், அல்லது பிரிக்காமல் விடும்.

நாம் செய்ய வேண்டியது

தோழர்களே, அறிவிக்கை வந்தபின் கூடிப் பேச 21 நாள் போதாது. வேலையை முன்பே தொடங்க வேண்டும். தாலுகா அலுவலகத்தில் 'அ' பதிவேட்டையும் புலப்படத்தையும் கேட்டு வாங்குங்கள். பஞ்சமர் நிலம், நிபந்தனை ஒப்படை நிலம் எந்தச் சர்வே எண்ணில் இருக்கிறது, இன்று யார் கையில் இருக்கிறது என்று குறியுங்கள். இல்லையென்றால் நம் நிலத்துக்கான இழப்பீட்டை வேறொருவர் வாங்கிப் போவார். எந்த வயலில் எந்தக் குடும்பம் எத்தனை ஆண்டாகக் கூலி வேலை செய்கிறது என்று வீடு வீடாகப் பட்டியல் எடுத்து, கிராம சபையில் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். சுடுகாட்டுப் பாதை, பள்ளிப் பாதை, வயல் பாதை மூன்றையும் நடந்தே அளந்து வரைபடமாக்குங்கள்.

சோழவந்தான் சட்டமன்றத் தொகுதி தனித்தொகுதி. நம் வாக்கு கேட்டு வருகிறவரிடம் "சாலை வருமா?" என்று கேட்பதோடு நிறுத்த வேண்டாம். "சுரங்கப்பாதை எந்தச் சர்வே எண்ணில் வருகிறது, கூலிக் குடும்பங்களின் பட்டியல் எங்கே?" என்று கேளுங்கள். 1924-ல் நடக்கும் உரிமையைக் கேட்டோம். இன்று கோடு போடும் மேசையில் இடம் கேட்கிறோம்.