தண்ணீரைச் சேமிக்க யார் காசு போடுவது?

கோவில்பட்டியில் வளர்ந்தவர்களுக்குத் தண்ணீரைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பத்து நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வந்த காலத்தை நாம் எல்லோரும் பார்த்தவர்கள். முறைக்குக் குடத்தை வைத்துவிட்டு, குடம் இல்லாதவர் ஒரு கல்லை வைத்துவிட்டு வேலைக்குப் போன காலம் அது. சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணித் தண்ணீர் குழாயில் ஏறி வந்துதான் இந்த ஊர் குடிக்கிறது. கரிசலில் கிணறு தோண்டினால் பல இடங்களில் உப்புத் தண்ணீர்தான். துணி துவைக்கக்கூட ஆகாது.

அமெரிக்காவில் இருக்கும் மருமகன் ஒருநாள் போனில் பேசும்போது, "மாமா, இங்கே வீட்டு முன்னால இருக்கிற புல்தரையை எடுத்துட்டா தண்ணி போர்டே நமக்குப் பணம் தருது" என்றார். முதலில் நான் நம்பவில்லை. விசாரித்தால் உண்மைதான். நியூயார்க் நகரம் 1994 முதல் 1997 வரை, தண்ணீரை அதிகம் குடிக்கும் பழைய கழிப்பறைத் தொட்டிகளை மாற்றுகிறவர்களுக்குப் பணம் கொடுத்திருக்கிறது. சுமார் 13 லட்சம் தொட்டிகள் மாறினவாம். புதிதாகத் தண்ணீர் கொண்டுவரக் கோடிக்கணக்கில் செலவழிப்பதைவிட, மிச்சம் பிடிக்கிறவனுக்குக் கொஞ்சம் கொடுப்பது லாபம் என்பது அவர்கள் கணக்கு.

நல்ல கணக்குதான். ஆனால் நமக்குப் புதிய கணக்கு இல்லை.

விஜயநகர அரசர்கள் காலத்தில் 'தசபந்தம்' என்று ஒரு ஏற்பாடு இருந்தது. ஒருவர் தன் சொந்தச் செலவில் ஏரி வெட்டினாலோ, உடைந்த ஏரியைச் சரிசெய்தாலோ, அவருக்கு நிலமாகவோ, வரியில் ஒரு பங்காகவோ மானியம் கொடுப்பார்கள். தசம் என்றால் பத்து. பத்தில் ஒரு பங்கு. ராயலசீமைப் பக்கம் இது அதிகம். மானியம் வாங்கியவர் அந்த ஏரியைத் தொடர்ந்து பராமரிக்கவும் வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். வெட்டிவிட்டு வாங்கிக்கொண்டு போய்விட முடியாது. அதற்கும் முன்னால், முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் (919, 921) ஏரி வாரியம் என்று தனியாக ஒரு குழுவே வருகிறது.

நம் பக்கத்துக்கு வருவோம். கண்மாய்க்குக் குடிமராமத்து, குடிதண்ணீருக்கு ஊருணி. குடிமராமத்து என்றால் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு போய் மழைக்கு முன்பு வரத்துக் காலைத் தூர் எடுப்பது, கரையில் மண் போடுவது. இதில் காசு புழங்காது, உழைப்புதான் பங்கு. ஊருணியில் யாரும் கால் வைக்கக் கூடாது, ஆடு மாடு இறங்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது. அதற்குக் காவல் ஆளும் உண்டு. அவருக்கு ஊர் தானியமாக அளந்து கொடுக்கும். அறிவாளியின் செல்வத்துக்கு வள்ளுவர் ஊருணியைத்தான் உவமையாகச் சொன்னார். கரிசல்காட்டுக்காரனுக்கு அந்தக் குறளுக்கு உரை தேவையில்லை.

ஆனால் பழைய காலம் எல்லாம் பொற்காலம் என்று எழுத நான் உட்காரவில்லை. ஊருணியில் எல்லோரும் தண்ணீர் எடுக்க முடியாது. கரை மேல் காத்து நின்று, யாராவது ஊற்ற மாட்டார்களா என்று பார்த்த மக்கள் ஒவ்வொரு ஊரிலும் இருந்தார்கள். குடிமராமத்தில் மட்டும் அவர்கள் முதுகு முதலில் குனிந்தது. இதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது சரித்திரம்.

வெள்ளைக்காரன் காலத்தில் குடிமராமத்து தளர்ந்தது. 1858-ல் சென்னை மாகாணத்துக்கு ஒரு கட்டாய உழைப்புச் சட்டமே போட்டு, வழக்கப்படி வேலைக்கு வராதவரிடம் பணம் வசூலிக்கலாம் என்றார்கள். பெரிதாகப் பலன் இல்லை. கண்மாயின் வருமானமெல்லாம் சர்க்காருக்கு, மண் சுமக்கிறது மட்டும் ஊருக்கு என்றால் யார் வருவார்?

1876–78 தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு கொஞ்சம் புத்தி வந்தது. 1883-ல் நில அபிவிருத்திக் கடன் சட்டம் வந்தது. நம் தாத்தாக்கள் 'தக்காவிக் கடன்' என்று சொன்னார்களே, அதுதான். கிணறு வெட்டவும் கரை போடவும் சர்க்கார் கடன் கொடுத்தது. எட்டயபுரம் ஜமீன் பகுதியில் இருந்தவர்களுக்கு இன்னொரு வசதி 1908-ல் வந்த எஸ்டேட் நிலச் சட்டத்தில் கிடைத்தது. குடியானவன் தன் சொந்தச் செலவில் நிலத்தை மேம்படுத்தினால், அதைக் காட்டி ஜமீன் வாரத்தை உயர்த்தக் கூடாது. அதாவது நீ கிணறு வெட்டு, அதன் பலன் உனக்கு. கையில் காசு கொடுக்காமல், வாங்க வேண்டியதை வாங்காமல் விடுவதும் ஒரு மானியம்தானே? இன்றைக்குத் தள்ளுபடி என்கிறோம்.

சுதந்திரத்துக்குப் பிறகு கமலை போய் பம்பு செட் வந்தது. மின் கட்டணத்தை எதிர்த்து விவசாயிகளைத் திரட்டிய நாராயணசாமி நாயுடு 1984 டிசம்பரில் நம் கோவில்பட்டியில்தான் காலமானார். சிறு விவசாயிகளுக்கு 1984-லும், எல்லா விவசாயிகளுக்கும் 1989–91 ஆட்சியிலும் மின்சாரம் இலவசமானது. அந்தப் போராட்டத்தின் நியாயத்தை நான் மறுக்க மாட்டேன். ஆனால் தண்ணீர்க் கணக்கில் பார்த்தால், இறைக்கிறவனுக்கு மானியம் கிடைத்தது. மழைநீரைத் தேக்கி வைக்கிற மானாவாரிக்காரனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கிணறே இல்லாதவனுக்கு இலவச மின்சாரம் எதற்கு?

பிறகு 'பங்களிப்பு' காலம் வந்தது. 1997-ல் நமக்கு நாமே திட்டம்: மூன்றில் ஒரு பங்கு மக்கள், மீதி அரசு. 2002-ல் மத்திய அரசின் ஸ்வஜல்தாரா: குடிநீர்த் திட்டத்துக்கு ஊர் பத்து சதவீதம் கட்ட வேண்டும். 2017 மார்ச்சில் குடிமராமத்து என்ற பழைய பெயரே திரும்பி வந்தது. முதல் கட்டமாக 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள். பாசனம் பெறும் விவசாயிகள் பத்து சதவீதத்தைப் பணமாகவோ, பொருளாகவோ, உழைப்பாகவோ தர வேண்டும். மறுபடியும் அதே பத்தில் ஒன்று!

நான் வேலை பார்த்த காலத்தில் இப்படிப்பட்ட பங்களிப்புக் கோப்புகள் என் மேசை வழியாகப் போயிருக்கின்றன. எந்த அலுவலகம், எந்த ஊர் என்பது வேண்டாம். ஒரு கோப்பில் ஐம்பதுக்கு மேற்பட்ட பெயர்கள், எல்லோரும் ஒரே தொகை, எல்லா ரசீதும் ஒரே நாள், ஒரே கையெழுத்து. பட்டியலில் பெயர் இருந்த ஒரு பெரியவரிடம் கேட்டேன். "நான் எங்கய்யா குடுத்தேன்? காண்ட்ராக்ட் எடுத்தவருல்லா கெட்டிட்டாரு" என்றார். குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். கோப்பு திரும்பி வரவில்லை. வேலை நடந்து முடிந்தது. அந்தக் கண்மாயில் இரண்டு வருஷத்தில் சீமைக்கருவேல் மூடிவிட்டது. பத்து சதவீதம் என்பது பணத்துக்காக வைத்த விதி இல்லை. கொடுத்தவன் வந்து நின்று "ஏன் மடையைப் பூசவில்லை?" என்று கேட்பான் என்பதற்காக வைத்தது. கொடுக்காதவன் எப்படிக் கேட்பான்?

நகரத்துக்கு வந்தால் 2003-ன் மழைநீர் சேகரிப்பு நினைவுக்கு வரும். ஜூலையில் அவசரச் சட்டம், அக்டோபருக்குள் எல்லாக் கட்டடத்திலும் அமைத்தாக வேண்டும். செய்யாவிட்டால் நகராட்சியே செய்து செலவைச் சொத்துவரிபோல வசூலிக்கும். குடிநீர் இணைப்பும் போகும். பிளம்பருக்கு அந்த மூன்று மாதம் தீபாவளி. அந்த வேகம் இந்தியாவுக்கே வழிகாட்டியது, சந்தேகமில்லை. ஆனால் இன்று மொட்டைமாடிக் குழாய் எத்தனை வீட்டில் குழிக்குப் போகிறது, எத்தனை வீட்டில் தெருச் சாக்கடைக்குப் போகிறது என்று நீங்களே உங்கள் தெருவில் நடந்து பாருங்கள். தண்டனைக்குப் பயந்து வைத்த குழாய், பயம் போனதும் அடைத்துக்கொண்டது. இந்தூர் மாநகராட்சியில் மழைநீர் சேகரிப்பவர்களுக்குச் சொத்துவரியில் 6 சதவீதம் தள்ளுபடி என்று வைத்தார்கள். நாம் பிரம்பை எடுத்தோம், அவர்கள் மிட்டாயை எடுத்தார்கள். கடலைமிட்டாய் ஊர்க்காரர்களுக்கு எது நல்லது என்று சொல்லவா வேண்டும்?

மிட்டாயும் தனியாகப் போதாது. சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு நூறு சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75. உண்மையாகப் பயன்படுத்துகிறவர்கள் நிறைய உண்டு; வேலி ஓரத்தில் சுருட்டிப் போட்ட கறுப்புக் குழாய்களையும் பார்த்திருக்கிறேன். கரிசலில் எனக்குப் பிடித்த மானியம் பண்ணைக்குட்டைதான். மழை பெய்து வெடிப்பு மூடியதும் இந்த மண் தண்ணீரைச் சீக்கிரம் உள்ளே விடாது, ஓடவிடும். ஓடுகிற தண்ணீரைக் காட்டின் தாழ்ந்த மூலையில் நிறுத்தினால், உளுந்தும் பாசியும் வாடுகிற சமயத்தில் ஒரு தண்ணீர் காட்டலாம். குட்டை அவன் காட்டிலேயே இருப்பதால் தூர்ந்தால் அவனே வாருவான்.

அரசு பாதி போடட்டும், கம்பெனிகள் போடட்டும், வெளியூர் பிள்ளைகளும் அனுப்பட்டும். 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதில் ஊருணிக்கும் இடம் உண்டு. என் யோசனை இரண்டுதான். ஒன்று, வீட்டு வரித் தள்ளுபடியை ஒரே தடவை கொடுக்காமல், ஐப்பசி மழைக்கு முன் குழியைச் சுத்தம் செய்து காட்டுகிறவருக்கு ஒவ்வொரு வருஷமும் கொடுக்க வேண்டும். இரண்டு, கண்மாய் மீனும் கருவேல மரமும் ஏலம் போன காசில் ஒரு பங்கு அந்தக் கண்மாய்க்கே திரும்ப வேண்டும். கணக்கை ஊர்ச் சாவடியில் எழுதி ஒட்ட வேண்டும். தசபந்தக்காரனுக்கு ஏரி நிற்கும்வரைதான் மானியம் நின்றது. அந்த ஒரு நிபந்தனையை மட்டும் நாம் திரும்ப எடுத்துக்கொண்டால் போதும்.