கை நீட்டியவர்களின் ஒப்புதல்: கப்பற்பயணமும் கட்டாயத் தடுப்பூசியும் (1891–2022)

ஆய்வுச்சுருக்கம்

கப்பலேறுவதற்குத் தடுப்பூசி கட்டாயம் எனில் பயணிகள் அதனை ஏற்பார்களா என்னும் வினா 2021ஆம் ஆண்டில் உல்லாசக் கப்பல் நிறுவனங்களையும் அரசுகளையும் நீதிமன்றங்களையும் ஒருசேர அலைக்கழித்தது. வினா புதிதன்று, அது கேட்கப்படும் ஆள்தான் மாறியிருக்கிறார். 1891ஆம் ஆண்டின் பாஸ்டன் வழக்கு ஒன்றையும் 2021–22ஆம் ஆண்டுகளின் புளோரிடா வழக்கையும் எதிரெதிரே வைத்து, இடையில் தமிழ்த் தொழிலாளர் கடல் கடந்த முகாம்களையும் நோக்கி, 'பயணியின் ஏற்பு' என ஆவணங்கள் குறிப்பது எதனை என இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தடுப்பூசி, ஒப்புதல், அம்மை குத்துதல், தனிமைப்படுத்தல், கீழ்த்தட்டுப் பயணிகள், உல்லாசக் கப்பல்.

1. பாஸ்டன் துறைமுகத்து வழக்கு

மேரி ஓ'பிரையன் என்னும் பெண் குனார்ட் நிறுவனத்தின் நீராவிக் கப்பலில் கீழ்த்தட்டுப் பயணியாகப் பாஸ்டனுக்கு வந்தார். பயணத்தினிடையே கப்பல் மருத்துவர் பெண்களை ஓரிடத்தில் கூட்டி அம்மை குத்தினார். ஏறத்தாழ 200 பெண்கள் வரிசையில் நின்றனர். கையில் பழைய தழும்பு இருந்தவர்கள் அட்டை பெற்று மேல்தளத்துக்குச் சென்றனர். இல்லாதவர்களுக்கு ஊசி போடப்பட்டது. ஓ'பிரையனின் முறை வந்தபோது, அவர் கையில் தழும்பு இல்லை என்றார் மருத்துவர். முன்பே குத்தியாயிற்று, தழும்பு விழவில்லை என அவர் மறுமொழி கூறினார். மீண்டும் குத்தவேண்டும் என்றார் மருத்துவர். அவர் கையை நீட்டினார். பின்னர் அச்சீட்டைப் பெற்று, துறைமுகத்தின் தனிமைப்படுத்தல் சோதனையில் காட்டிக் கரையிறங்கினார்.

இறங்கியபின் அவர் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தார். தம் விருப்பமின்றி உடலைத் தொட்டது தாக்குதல் என்பது ஒரு முறையீடு. மருத்துவர் கவனக்குறைவாக நடந்துகொண்டார் என்பது மற்றொன்று. மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் 1891இல் இரண்டையும் ஏற்க மறுத்தது. மனத்துள் என்ன இருந்தது என்பதை மருத்துவர் அறிய இயலாது. வெளிப்பட்ட நடத்தையைக் கொண்டே அவர் முடிவு செய்ய வேண்டும். வரிசையில் நின்று, கை நீட்டி, சீட்டையும் பெற்றுப் பயன்படுத்தியவரின் நடத்தை ஒப்புதலையே காட்டுகிறது என்பது நீதிமன்றத்தின் தருக்கம். அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் ஒப்புதல் என்னும் பொருளைக் கற்பிக்க இவ்வழக்கு இன்றும் எடுத்துக்கொள்ளப்படுகிறது.

ஆயின் தீர்ப்பிலேயே பதிவாகியுள்ள வேறொரு செய்தியை வரலாற்று மாணவர் கடந்துபோதல் ஆகாது. அம்மைக்கு எதிரான காப்புச் சான்று இல்லாதவர்கள் பாஸ்டனில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், அன்றேல் தடுத்து வைக்கப்படுவர் என்பது துறைமுக விதி. அவ்விதி பல மொழிகளில் அச்சிடப்பட்டுக் கப்பலில் ஒட்டப்பட்டிருந்தது. இவ்விதியை நீதிமன்றம் மருத்துவரின் நன்னோக்கத்துக்குச் சான்றாக வாசித்தது. கை நீட்டிய பெண்ணின் தெரிவு எவ்வளவு குறுகியது என்பதற்கும் அதுவே சான்று. நடுக்கடலில் நிற்கும் ஒருவர் கப்பலைவிட்டு இறங்கிப்போக முடியாது. அவர் முன்னிருந்தவை இரண்டே வழிகள்: ஊசி, அல்லது கரையைக் கண்டும் கால்வைக்க முடியாத காவல்.

இதே மாநிலத்தில் பதினான்கு ஆண்டுகளுக்குப்பின் வேறொரு காட்சி. கேம்பிரிட்ஜ் நகரத்துப் போதகர் ஹென்னிங் ஜேக்கப்சன் அம்மை குத்திக்கொள்ள மறுத்தார்; நகரம் அவருக்கு 5 டாலர் தண்டம் விதித்தது; அவர் வழக்கை அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை கொண்டுசென்று 1905இல் தோற்றார். தோற்றபோதும், மறுப்புக்கு அவர் செலுத்த வேண்டியிருந்த விலை 5 டாலரே. சொந்த வீடும் சபையும் உடையவர் மறுக்கலாம், வாதாடலாம், தம் பெயரால் ஒரு கோட்பாட்டையும் நிலைநாட்ட முயலலாம். கீழ்த்தட்டில் வந்தவருக்கு அத்தகைய இடம் இல்லை.

2. மண்டபமும் ஜெரஜாக் தீவும்

அட்லாண்டிக் கடலில் கீழ்த்தட்டுப் பயணிக்கு நேர்ந்ததற்கு இணையான ஏற்பாடு தமிழகக் கரையிலும் வளர்ந்தது. இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர் முதலில் தூத்துக்குடியை அடுத்த தட்டப்பாறையிலும், பின்னர் இலங்கை அரசே நடத்திய மண்டபம் முகாமிலும் நிறுத்தப்பட்டனர். காலரா முதலிய நோய்களுக்காகப் பல நாள் தங்கவைக்கப்பட்டு, உடைகள் ஆவியில் தூய்மை செய்யப்பட்டு, அம்மை குத்தப்பட்ட பின்னரே அவர்கள் அக்கரை ஏக முடிந்தது. மலாயாவுக்குச் சென்றோர்க்கு ஆவடியும் நாகப்பட்டினமும் அத்தகைய முகாம்கள். கடல் கடந்த பின்னும் பினாங்குக்கு அருகிலுள்ள ஜெரஜாக் தீவில் தளப்பயணிகள் தனிமைப்படுத்தப்பட்டனர். அதே கப்பலில் அறை எடுத்து வந்தவர்கள் நேரே நகருக்குச் சென்றனர். நோய்க்கிருமி வகுப்புப் பார்ப்பதில்லை, விதி பார்த்தது.

இத்தொழிலாளர் தடுப்பூசியை ஏற்றனரா? அலுவலர் அறிக்கைகளைக் கொண்டு இதற்கு விடை கூறப் புகுவோர் பெரும்பாலும் வழுக்கி விழும் இடம் இதுவே. அவ்வறிக்கைகள் தலைகளை எண்ணுகின்றன. எதிர்ப்பு பதிவாகவில்லை எனில் இசைவு இருந்தது எனக் கொள்வது, ஓ'பிரையன் வழக்கின் நீதிபதி செய்ததையே வரலாற்றாசிரியரும் செய்வதாகும். நீதிபதிக்கு அது தகும். மருத்துவர் குற்றவாளியா என்பது ஒன்றே அவர்முன் இருந்த வினா. கங்காணியிடம் முன்பணம் பெற்றுக் கடன்பட்டு, ஊரைவிட்டுப் புறப்பட்டு வந்துவிட்ட ஒருவர் முகாம் வாயிலில் கை நீட்டியதை 'ஏற்பு' என எழுதுவதற்கு வேறு சான்று வேண்டும். அம்மையைத் தெய்வமாகக் கொண்ட சமூகத்தினர் அச்சத்தோடு நீட்டினரா, அம்மையால் பிள்ளைகளை இழந்தவர்கள் நன்றியோடு நீட்டினரா என்பதை எண்ணிக்கைகள் சொல்லமாட்டா. இரண்டும் ஒரே கையில் இருந்திருக்கவும் கூடும்.

3. சான்றிதழின் காலம்

உலக நலவாழ்வு நிறுவனம் 1951இல் ஏற்றுக்கொண்ட பன்னாட்டுச் சுகாதார விதிகள் 1952 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. அம்மை, காலரா, மஞ்சள் காய்ச்சல் ஆகியவற்றுக்கான சான்றுகள் ஒரே வடிவம் பெற்றன. வரிசையில் நின்று தழும்பு காட்டிய காலம் போய், தாள் காட்டும் காலம் வந்தது. அம்மை ஒழிந்ததென 1980இல் அறிவிக்கப்பட்ட பின் அச்சான்று வழக்கொழிந்தது. மஞ்சள் காய்ச்சல் சான்று இன்றளவும் கேட்கப்படுகிறது. ஆப்பிரிக்க, தென் அமெரிக்க நாடுகள் சிலவற்றிலிருந்து இந்தியா வருவோர் அதனைக் காட்டாவிடில் ஆறு நாள்வரை தனிமைப்படுத்தப்படலாம். இதனை எதிர்த்துப் பெருங்கிளர்ச்சி ஏதும் எழவில்லை. பெரும்பாலான பயணிகளின் வாழ்வை அது தொடாதது ஒரு காரணமாகலாம்.

4. மயாமி, 2021

2020 பிப்ரவரியில் யோகோஹாமாவில் நிறுத்தப்பட்ட டயமண்ட் பிரின்சஸ் கப்பலில் இருந்த 3,711 பேரில் 712 பேருக்குக் கோவிட் தொற்று உறுதியானது. மார்ச் 14 அன்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் உல்லாசக் கப்பல்களின் பயணத்தை நிறுத்தியது. 2021 ஏப்ரலில் அம்மையம் ஒரு குறுக்குவழி காட்டியது: பணியாளரில் 98 விழுக்காட்டினரும் பயணிகளில் 95 விழுக்காட்டினரும் தடுப்பூசி பெற்றிருப்பின் சோதனைப் பயணம் நடத்தத் தேவையில்லை. நார்வீஜியன் குரூஸ் லைன் நிறுவனம் அனைவருக்கும் தடுப்பூசி கட்டாயம் என அறிவித்தது.

எதிர்ப்பு எழுந்தது பயணச்சீட்டு வாங்குவோரிடமிருந்து அன்று, புளோரிடா மாநில அரசிடமிருந்து. 2021 மே மாதம் கையொப்பமான சட்டம், வாடிக்கையாளரிடம் தடுப்பூசிச் சான்று கேட்கும் வணிக நிறுவனத்துக்கு ஒவ்வொரு மீறலுக்கும் 5,000 டாலர்வரை தண்டம் விதித்தது. 1905இல் 5 டாலர் மறுத்தவர்மீது விழுந்தது. 2021இல் 5,000 டாலர் கேட்பவர்மீது விழுந்தது. கூர்ந்து நோக்கின் சட்டம் தடை செய்தது தடுப்பூசியை அன்று, சான்றுத்தாளைக் கேட்பதையே. ராயல் கரீபியன் நிறுவனம் சட்டத்துக்கு இடையூறின்றி வேறு வழி கண்டது: சான்று காட்டாதவர் ஊசி போடாதவராகக் கருதப்பட்டு, சோதனைச் செலவையும் சில இடங்களில் நுழைவுத் தடையையும் ஏற்கவேண்டியிருந்தது. நார்வீஜியன் வழக்காடியது. நீதிபதி கேத்லீன் வில்லியம்ஸ் 2021 ஆகஸ்ட் 8 அன்று சட்டத்துக்கு இடைக்காலத் தடை விதித்தார். அதே மாதம் கப்பல் புறப்பட்டது.

நிறுவனத்தின் வாதம் நம் வினாவுக்கு நேர் விடையாகிறது. ஊசி கட்டாயமில்லாவிடில் பயணிகளின் நம்பிக்கை குலையும் என்றது அது. ஆக, இங்கே தடுப்பூசி பயணி தாங்கும் சுமையாக அன்றி, அவர் விலைகொடுத்து வாங்கும் பண்டங்களுள் ஒன்றாகவே நிற்கிறது. மறுப்பவர் இழப்பது ஒரு விடுமுறை. தடுத்து வைக்கும் தீவு ஏதும் அவருக்குக் காத்திருக்கவில்லை. ஆதலால் இவ்வேற்பு ஓ'பிரையனின் ஏற்பைவிட உண்மைக்கு நெருக்கமானது. முழுமையானது எனவும் கூறுவதற்கில்லை: 12 வயதுக்குட்பட்டோர்க்கு அப்போது தடுப்பூசி ஒப்புதல் பெறாமையால், சிறு குழந்தையுடைய குடும்பங்கள் அந்நிறுவனத்தின் கப்பல்களில் ஏற இயலவில்லை. ஏற்றோர் விழுக்காட்டில் இவர்கள் எந்தப் பக்கத்திலும் இல்லை.

2022 அக்டோபர் 6 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் இருவருக்கு ஒருவர் என்னும் கணக்கில் தடையை நீக்கி, புளோரிடாவின் பக்கம் தீர்ப்பளித்தது. அதற்கு இரண்டு நாள் முன்னரே, அக்டோபர் 4 முதல், நார்வீஜியன் தன் தடுப்பூசி விதியைக் கைவிட்டிருந்தது. ஊரெங்கும் தொற்று பரவித் தணிந்துவந்த நிலையில், அதே விதி வாடிக்கையாளரை ஈர்ப்பதாக அன்றி விலக்குவதாக மாறியிருந்தது என இதனை விளக்கலாம்.

இவ்வழக்கின் கட்டுகளில் பயணியின் உரிமை, நிறுவனத்தின் உரிமை, மாநிலத்தின் உரிமை ஆகிய மூன்றும் விரிவாக வாதிக்கப்பட்டுள்ளன. 98 விழுக்காடு எனக் குறிக்கப்பட்ட கப்பற்பணியாளர் அவ்வாதங்களின் மையத்தில் இல்லை. பிலிப்பைன்ஸிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் ஒப்பந்தத்தின்பேரில் சென்று, நீர்மட்டத்துக்கு அருகிலுள்ள கீழ்த்தட்டு அறைகளில் உறங்கும் அவர்களை, மே 2021இன் புளோரிடாச் சட்டம் தன் காப்பினுள் கொள்ளவில்லை. அது வாடிக்கையாளரைப் பற்றியது. அவர்கள் ஏற்றனரா என்பதை ஆராய முற்படுவோர்க்கு இன்று கிடைப்பது ஓர் எண் மட்டுமே. அவர்களுள் பலர் இன்னும் பணியில் இருக்கின்றனர். மண்டபத்தில் நின்றவர்களிடம் கேட்க இயலாத வினாவை இவர்களிடம் நேரில் கேட்கலாம்.