பலகையில் ஏறிய பெயர்

1986 ஆகஸ்ட் 26 அன்று கல்கத்தாவிலிருந்து உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதப்பட்டது. எழுதியவர் டி.கே.பாசு, மேற்கு வங்கத்தில் சட்ட உதவி அமைப்பு ஒன்றின் செயல் தலைவர். லாக்கப் சாவுகளைப் பற்றிப் பத்திரிகைகளில் வந்த செய்திகளைச் சுட்டிக்காட்டி, இதற்கு ஒரு வழி செய்யுங்கள் என்று கேட்டிருந்தார். கடிதத்தையே ரிட் மனுவாக எடுத்துக்கொண்டது நீதிமன்றம். தீர்ப்பு வரப் பத்து வருடம் ஆனது.

1996 டிசம்பர் 18-இல் நீதிபதிகள் குல்தீப் சிங், ஏ.எஸ்.ஆனந்த் அமர்வு தந்த அந்தத் தீர்ப்பின் 11 கட்டளைகள் இன்றைக்கும் பல காவல் நிலையச் சுவர்களில் எழுதப்பட்டிருக்கின்றன. கைது செய்யும் போலீஸ்காரர் பெயர் தெரியும்படி பட்டை அணிய வேண்டும், சாட்சிக் கையெழுத்தோடு கைதுக் குறிப்பு எழுத வேண்டும், உறவினர் ஒருவருக்குத் தகவல் சொல்ல வேண்டும், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று போகும் அந்த வரிசையில், பதினோராவதை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஒருவரைக் கைது செய்தால் 12 மணி நேரத்துக்குள் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்ல வேண்டும், அங்கே எல்லோர் கண்ணிலும் படும்படி ஒரு பலகையில் அதை எழுதி வைக்க வேண்டும் என்கிறது அது.

காரணம் எளிது. பிடித்துக்கொண்டு போனவரை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று வீட்டாருக்குத் தெரியாத அந்த முதல் சில மணி நேரத்தில்தான் அடி விழுகிறது, சாவும் நேர்கிறது. பெயர் வெளியே தெரிந்துவிட்டால், ‘அப்படி யாரையும் நாங்கள் கூட்டி வரவில்லை’ என்று ஸ்டேஷனில் சொல்ல முடியாது. கைதானவரின் பெயர் ஊர் பார்க்கப் பலகையில் ஏறியது அவரைக் காப்பாற்றத்தான். இதை மறந்துவிட்டால் பின்னால் நடந்தது எதுவும் விளங்காது.

ஏனென்றால் அதற்கு முன்பு போலீஸ் பெயர் எழுதிய வழக்கமே வேறு. குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-இல் வட இந்தியாவில் தொடங்கி, 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரைப் பக்கத்துப் பிரமலைக் கள்ளர்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றார்கள். குற்றம் செய்தவர், செய்யாதவர் என்ற பேச்சே கிடையாது. பிறந்த சாதிக்காக ரேகை பதிய வேண்டும், இரவில் ஸ்டேஷனில் வந்து படுக்க வேண்டும், வெளியூர் போக ராத்திரிச் சீட்டு வாங்க வேண்டும். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் ரேகை பதிய மறுத்துத் திரண்டவர்கள் மீது போலீஸ் சுட்டது. ஒரு டஜன் பேருக்கு மேல் செத்தார்கள். அவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். 1947-இல் சென்னை மாகாணம் அந்தச் சட்டத்தை ஒழித்தது. ஒழித்த கையோடு 1948-இல் வழக்கமாகக் குற்றம் செய்வோருக்கென்று தனிச் சட்டம் ஒன்றும் வந்துவிட்டது. பெயரேடு இல்லாமல் போலீஸுக்குக் கை ஓடாது போலிருக்கிறது.

இப்போது அந்த ஏடு ஹிஸ்டரி ஷீட், பேச்சு வழக்கில் ரவுடி லிஸ்ட். போலீஸ் நிலையாணைப்படி ஒருவரது ஷீட் திறந்த நாளிலிருந்து டிசம்பர் முடிய உயிரோடு இருக்கும். அதற்குமேல் நீட்டிக்க உயர் அதிகாரியின் உத்தரவு வேண்டும். அப்படி யோசித்துப் பார்க்காமலே வருஷா வருஷம் நீட்டுகிறார்கள் என்ற புகாரோடு உயர் நீதிமன்றத்துக்குப் போனவர்கள் பலர். இந்த ஏடு போலீஸின் உள்வேலைக்கு உரியது, வெளியில் காட்டக் கூடாது என்று 2024 மே மாதம் டெல்லி வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொன்னது.

ஆக, போலீஸ் தன் காரியத்துக்காக எழுதும் பெயர் பூட்டிய அலமாரிக்குள் இருந்தது. கைதானவரின் நன்மைக்காக எழுதிய பெயர்தான் தெருவுக்கு வந்தது.

பலகை சும்மா இருக்கவில்லை. 2010 நவம்பரில் அமலுக்கு வந்த திருத்தம், கைதானவர்களின் பெயரையும் முகவரியையும் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைப் பலகையில் எழுதுவதைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குள்ளேயே சேர்த்தது. 2016 செப்டம்பர் 7-இல் உச்ச நீதிமன்றம் இன்னொரு படி ஏறியது: பதிவான எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும். பாலியல் குற்றம், பயங்கரவாதம் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. தன்மேல் என்ன வழக்கு என்றே தெரியாமல் முன்ஜாமீனுக்கு அலைந்தவர்களுக்கு இது பெரிய வரம். 2024 ஜூலை 1-இல் வந்த புதிய நடைமுறைச் சட்டம் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மை மூன்றையும் காட்டச் சொல்கிறது, டிஜிட்டல் முறையிலும் காட்டலாம் என்கிறது.

சாக்கட்டியால் எழுதிய பெயரை அடுத்த பெயருக்கு இடம் வேண்டும் என்றாவது யாரோ அழித்துவிடுவார்கள். இணையத்தில் இடப் பஞ்சம் இல்லை. ஏற்றச் சொன்ன உச்ச நீதிமன்ற உத்தரவு இரண்டிலும் கெடு இருக்கிறது. இறக்குவதற்குக் கெடு எதிலும் இல்லை.

இதனால் ஒரு குடும்பத்துக்கு என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாட்டில் போலீஸ் வேலைக்கு விண்ணப்பித்த பையன்களைக் கேட்டால் தெரியும். இங்கே காவலர் தேர்வு விதி, சந்தேகத்தின் பலனிலோ புகார் கொடுத்தவர் பிறழ் சாட்சி ஆனதாலோ விடுதலையானவரையும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே எண்ணுகிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2008-இல் அதை ஏற்றுக்கொண்டது. கோயில் திருவிழாத் தகராறில் பத்துப் பேரோடு பதினொன்றாகப் பெயர் சேர்க்கப்பட்ட கல்லூரி மாணவனுக்கு, வழக்கு தள்ளுபடியான பிறகும் சீருடை கிடைக்காமல் போகலாம். வழக்கை மறைத்தாலோ அதுவே தனிக் குற்றமாகப் பார்க்கப்படும்.

அழிக்கும் வழி அறவே இல்லையா என்றால், இருக்கிறது, ஆனால் ஒரே வாசல் கிடையாது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் கைதுப் பதிவை நீக்கக் கோரி மனுப் போடத் தனிச் சட்டமே உண்டு. இந்தியாவில் பெரியவர்களுக்கு அப்படிப் பொதுச் சட்டம் இல்லை. சிறார்களின் பதிவை மட்டும் 2015 சிறார் நீதிச் சட்டம் அழிக்கச் சொல்கிறது. தமிழ்நாட்டில் மற்றவர்கள் எஃப்.ஐ.ஆரையே ரத்து செய்யக் கோரிச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கோ அதன் மதுரைக் கிளைக்கோ போக வேண்டும். அரசு அதிகாரியின் உத்தரவை மீறியதாக அப்போதைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின்படி போட்ட 188-ஆம் பிரிவு வழக்கில் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர் பதியவே முடியாது என்று 2018-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதும், ஆர்ப்பாட்டம் செய்ததற்காக வழக்கு வாங்கிய பலருக்கு வழி பிறந்தது.

சில நேரம் வாபஸ் வாங்க நீதிமன்றம் சொல்லும், சில நேரம் அரசே முன்வரும். கூடங்குளம் அணுமின் நிலையத்தை எதிர்த்த போராட்டக்காரர்கள் மீதான வழக்குகளை வாபஸ் வாங்க முயல வேண்டும் என்று 2013 மே 6-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கொரோனா ஊரடங்கில் வெளியே வந்ததற்காக மட்டும் தமிழ்நாட்டில் சுமார் 10 லட்சம் வழக்குகள். போலி இ-பாஸ், போலீஸோடு தகராறு போன்றவை தவிர மற்றவை கைவிடப்படும் என்று 2021 பிப்ரவரியில், தேர்தல் நெருங்கிய வேளையில், முதல்வர் பழனிசாமி கடையநல்லூரில் அறிவித்தார். நீதிமன்றத்துக்குப் போன வழக்கென்றால் அறிவிப்பு மட்டும் போதாது. அரசு வழக்கறிஞர் மனுப் போட்டு நீதிபதி சம்மதிக்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், அழிக்கும் கடமையைத் தெளிவாகச் சொன்ன சட்டம் பெருங்காமநல்லூரில் சுட்ட அதே 1920-இல் வெள்ளைக்காரர் கொண்டுவந்தது. முன்பு தண்டனை பெறாத ஒருவர் விசாரணையின்றி விடப்பட்டாலோ விடுதலையானாலோ அவருடைய புகைப்படத்தையும் அளவுகளையும் அழித்துவிட வேண்டும் என்றது கைதிகள் அடையாளச் சட்டம். அதன் இடத்தில் வந்த 2022 சட்டம் கருவிழிப் பதிவு வரை எடுக்கிறது, 75 ஆண்டு வைத்திருக்கிறது. விடுதலையானவருக்கு அழிக்கும் விதி தொடர்கிறது, ஆனால் மேல்முறையீடு எல்லாம் முடிந்த பிறகு.

போலீஸ் பதிவு அழிந்தாலும் தீர்ப்பு நிற்கிறது. கீழ் நீதிமன்றத்தில் தண்டனை பெற்று, மேல்முறையீட்டில் முழு விடுதலையான ஒருவர், இணையத்தில் உள்ள தீர்ப்பிலிருந்து தன் பெயரை நீக்கக் கேட்டார். முதலில் இடைக்கால உத்தரவில் அவர் பக்கம் சாய்ந்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், 2021 ஆகஸ்டில், சட்டம் வராமல் இதைச் செய்ய முடியாது என்று மனுவைத் தள்ளினார். 2024 பிப்ரவரி 27-இல் நீதிபதிகள் அனிதா சுமந்த், ஆர்.விஜயகுமார் அமர்வு அதை மாற்றிப் பெயரை மறைக்கச் சொன்னது, தீர்ப்புகளைத் திரட்டித் தரும் ‘இந்தியன் கானூன்’ தளத்தையும் அந்தத் தீர்ப்பை நீக்கச் சொன்னது. ஐந்தே மாதத்தில், ஜூலை 24 அன்று, உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது. ஒருவர் விடுதலையானார் என்பதற்காகப் பொது ஆவணமாகிவிட்ட தீர்ப்பை எப்படி எடுக்கச் சொல்வது என்பது தலைமை நீதிபதி சந்திரசூட் எழுப்பிய கேள்வி.